யாருடைய பெயர் மேலே

சுவிஸில், எம்மன்புரூக்கே என்ற சிறு நகரத்தில், எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரே பரீட்சைக்கான இரண்டு சான்றிதழ்கள் தொங்குகின்றன. இரண்டும் என்னுடையவை. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சை. ஒரே வருடம், ஒரே பாடப்புத்தகம், மூன்று வார இடைவெளி. ஒன்றில் தொண்ணூற்றொரு புள்ளி, மற்றதில் எண்பத்தெட்டு. அந்த மூன்று வாரத்துக்குள் மூன்று புள்ளித் தமிழ் எனக்கு எப்படி மறந்துபோனது என்று யாரும் கேட்டதில்லை.

2009இல் ஊரில் போர் முடிந்தபின் எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகம் இரண்டாக உடைந்தது. ஏன் உடைந்தது என்று பதினைந்து வயதான எனக்கு யாரும் விளக்கவில்லை. இன்று கேட்டாலும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சனிக்கிழமை ஒரு பள்ளி, ஞாயிற்றுக்கிழமை மற்றப் பள்ளி, அதே கட்டடத்தில், அதே கதிரைகளில். ஒரு பக்கம் கொடுக்கும் சான்றிதழை மறுபக்கம் ஏற்காது. அப்பா இரண்டு பக்கத்து ஆட்களோடும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர்.

"ரெண்டையும் எழுது பிள்ளை," என்றார். "ஒருத்தரும் எங்களைப் பாத்து அந்தப் பக்கம் எண்டு சொல்லக் கூடாது."

எழுதினேன். பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் மேல்நிலைப் பள்ளியை இங்கே கிம்னாசியும் என்பார்கள். எங்கள் குடும்பத்தில் அதன் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். எட்டு வயதிலிருந்தே வீட்டுக்கு வரும் அலுவலகக் கடிதம் ஒவ்வொன்றையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். இதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை, பெருமைதான். பரீட்சை என்றால் இரண்டல்ல, நான்கும் எழுதியிருப்பேன்.

இரண்டு பக்கத்து ஆண்டு விழாக்களுக்கும் அறிவிப்பாளரும் நான்தான். அந்த வேலையில் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டேன். சில விழாக்களை இரண்டு நிர்வாகமும் சேர்ந்து நடத்த வேண்டி வரும், ஏனென்றால் அந்த நகரத்தில் பெரிய மண்டபம் ஒன்றுதான். அப்போது அழைப்பிதழில் யாருடைய பெயர் மேலே வருவது என்று மாதக்கணக்கில் சண்டை நடக்கும். கடைசியில் இரண்டு அழைப்பிதழ் அச்சடிப்பார்கள். இவர்கள் கொடுப்பதில் இவர்கள் பெயர் மேலே, அவர்கள் கொடுப்பதில் அவர்கள் பெயர் மேலே. விழா ஒன்று, நாள் ஒன்று, கொத்துரொட்டி ஒன்று. எல்லோரும் மகிழ்ச்சியாக வந்து உட்காருவார்கள். இரண்டு அழைப்பிதழையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காத வரைக்கும் பிரச்சினை இல்லை.

இந்த வித்தையை ஒன்பது வருடம் கழித்து, பலஸ்தீனர்களின் இரண்டு கட்சிகளுக்கு நடுவில் போய் நான் காட்டினேன். அதைத்தான் எழுத வந்தேன்.

பல்கலைக்கழகம் முடித்து, பெர்ன் நகரின் ஓரத்தில், பூம்ப்ளிஸில் ஒரு அறை எடுத்து, நகரில் ஒரு சிறிய நிறுவனத்தில் ஒரு வருடப் பயிற்சி வேலையில் சேர்ந்திருந்தேன். அந்த நிறுவனம் இரண்டு வேலைகள் செய்தது. போர் நடக்கும் இடங்களிலிருந்து சில மாணவர்களை சுவிஸ் பல்கலைக்கழகங்களுக்கு எடுக்க உதவியது. தங்களுக்குள் பேசாத ஆட்களை எங்கேயாவது அமைதியான இடத்துக்கு அழைத்துப் பேச வைத்தது. பொறுப்பாளர் ஒரு சுவிஸ் அம்மா. மெலிந்தவர். மலையேறும் சப்பாத்தோடு அலுவலகம் வருவார். எதையும் சிறிதாகத் தொடங்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

நான் சேர்ந்த முதல் வாரமே என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. காசாவிலிருந்து ஒரு பெண். என்னைவிட ஒரு வயது இளையவள். வேதியியல் படித்து முதலாவதாகத் தேறியவள். குடிநீரில் உப்பைப் பிரிப்பது பற்றி மேற்படிப்புப் படிக்க இங்கே இடம் கிடைத்திருந்தது. தகப்பன் மீன் பிடிப்பவர், எழுத்து வாசிப்பு இல்லை. அவளும் அவர்கள் வீட்டில் முதலாவது ஆள். அந்த வரியை அவள் தன் விண்ணப்பத்தில் எழுதியிருந்த விதம், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு எழுதியது போல் இருந்தது. நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

இடம் கிடைத்தது, ஆனால் அவளால் வர முடியவில்லை. காரணம் ஒரு முத்திரை. காசாவை ஒரு கட்சி ஆள்கிறது, மேற்குக் கரையில் ரமல்லாவிலிருந்து மற்றக் கட்சி ஆள்கிறது. கல்விக்கும் இரண்டு அலுவலகம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ரமல்லாவின் முத்திரை கேட்கும். காசாவை விட்டுப் படிக்கப் போக காசாவின் முத்திரை வேண்டும். எனக்கு விளங்கிய வரையில், ஒருவர் முத்திரை விழுந்த தாளை மற்றவர் தொடமாட்டார். அவளுடைய சான்றிதழில் காசாவின் முத்திரை ஏற்கெனவே விழுந்திருந்தது. ஓகஸ்ட் கடைசிக்குள் ரமல்லா முத்திரையோடு மூலச் சான்றிதழ் வராவிட்டால் இடம் போய்விடும் என்று பல்கலைக்கழகம் எழுதியிருந்தது. அவளைப் போல இன்னும் சிலரின் கோப்புகள் அடியில் கிடந்தன. அவர்களுக்கு அடுத்த வருடம் வரை நேரம் இருந்தது. அவளுக்கு இல்லை.

"இதைத்தான் எடுக்கப் போகிறோம்," என்றார் பொறுப்பாளர். "தேர்தல் வேண்டாம், அரசாங்கம் வேண்டாம். ஒரு முத்திரை. அரைப் பக்கம். அதில் ஒத்துப்போனால் அடுத்த படி."

நடுவராக வந்தவர் அந்தப் பிராந்தியத்து நாடொன்றின் ஓய்வுபெற்ற தூதர். எந்த நாடு என்று எழுத மாட்டேன். வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பல வருடமாக இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்க ஓடித் திரிந்த பெரிய மனிதர். முதல் நாள் அவரை ரயில் நிலையத்தில் வரவேற்றபோது சுற்றியிருந்த மலைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"மக்காவில கையெழுத்து வச்சாச்சு. கெய்ரோவில வச்சாச்சு. தோஹாவில வச்சாச்சு. எங்கட பக்கம் இனி நகரம் மிச்சமில்லை மகள். அதுதான் மலைக்கு வந்திருக்கிறம்."

அவர்கள் எல்லோரும் பேசியது ஆங்கிலமும் அரபும். எனக்கு ஞாபகத்தில் ஒலிப்பது எங்கள் தமிழில்தான். அப்படியே எழுதுகிறேன்.

பேச்சு நடந்தது எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில். அங்கே ஜூன் ஆரம்பம் செத்த காலம். பனிச்சறுக்குக்காரர் போய்விடுவார்கள், நடைக்காரர் இன்னும் வந்திருக்க மாட்டார்கள். விடுதி முழுவதும் எங்களுக்குத்தான். ஒரே மாடியில், நீண்ட நடையின் ஒரு முனையில் ரமல்லாக்காரர், மறுமுனையில் காசாக்காரர். நடுவில் தூதரின் அறையும் ஒரு கோப்பி இயந்திரமும். இரண்டு குழுவும் ஒரே அறையில் இருக்க மாட்டார்கள். தாளை நான் கொண்டு போவேன், கொண்டு வருவேன். ரமல்லா பக்கத்துத் தலைவர் உயரமான சட்டத்தரணி. எதை வாசித்தாலும் பேனா மூடியால் பல்லைத் தட்டுவார். காசா பக்கத்துத் தலைவர் கட்டையான மனிதர், முன்பு கணித ஆசிரியர். நான் கதவைத் தட்டினால் வகுப்புக்குப் பிந்தி வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் மணிக்கூட்டைப் பார்ப்பார்.

முதல் நாள் பதினொரு மணிக்கெல்லாம் விஷயம் முடிந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பதினொரு மணிக்கு. இனிச் சான்றிதழில் யாரும் முத்திரை குத்த வேண்டாம், ஏற்கெனவே குத்தியிருந்தால் அதைக் கண்டுகொள்ளவும் வேண்டாம். பின்னால் இரண்டு வெற்றுத்தாள் இணைப்போம். ஒன்றில் இவர்கள் குத்தட்டும், மற்றதில் அவர்கள் குத்தட்டும். தூதரின் யோசனை. இரண்டு முனையிலும் தலையாட்டினார்கள். நான் கோப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று அந்தப் பெண்ணுக்குத் தகவல் அனுப்பினேன்: பெட்டியை அடுக்கத் தொடங்கு.

மிச்ச நேரம் முழுவதும், அந்த அரைப் பக்கத்தின் தலைப்பில் யாருடைய பெயர் மேலே என்பதற்காகப் போனது.

ரமல்லா சொன்னது, அரசாங்கம் நாங்கள்தான், எங்கள் பெயர்தான் மேலே. காசா சொன்னது, தேர்தலில் வென்றவர்கள் நாங்கள், எங்கள் பெயர்தான் மேலே. அகர வரிசையில் போடலாம் என்றார் பொறுப்பாளர். எந்த மொழியின் வரிசை என்று இரண்டு பக்கமும் கேட்டது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நிரலாகப் போடலாம் என்றார். அரபில் வலது பக்கம்தான் முதல், ஆங்கிலத்தில் இடது பக்கம்தான் முதல், ஆகவே எந்த மொழித் தாளில் எந்தப் பக்கம் என்று அடுத்த ஒரு மணி நேரம். பெயரே வேண்டாம் என்று தூதர் சொன்னபோது, பெயரில்லாத தாளில் நான் கையெழுத்துப் போட என்னைக் களவு கேசில பிடிச்சு வச்சிருக்கினமோ என்று கணித ஆசிரியர் கேட்டார். நான் நடந்தேன். அந்த நடையில் சிவப்புக் கம்பளம். எந்த இடத்தில் நூல் பிரிந்திருக்கிறது என்று இப்போதும் சொல்வேன்.

சாப்பாடும் இரண்டு பந்தி. ஒரு நாள் இவர்கள் முதல் பந்தி, மறுநாள் அவர்கள். விடுதிச் சமையலறையில் இருபது வருடமாக வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தங்கச்சி, நீங்கள்தானே உந்த மாநாட்டுக்காரி? ரெண்டாம் பந்திக்காரர் வந்து, முதல் பந்திக்கு என்ன குடுத்தனாங்கள் எண்டு கேக்கினம்."

"என்ன சொன்னனீங்கள் அண்ணை?"

"அதே பருப்பு சூப், அதே ஆட்டிறைச்சி எண்டன். அவையளுக்கு வச்ச துண்டு பெரிசோ எண்டு கேட்டவர் ஒருத்தர்." அண்ணை துவாயைத் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்கு ஒரு சந்தேகம் வந்திட்டுது. உவையள் எங்கட ஆக்கள் இல்லைத்தானே?"

சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அழைப்பிதழ் ஞாபகம் வந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம், சாப்பாடு முடிந்து, தூதரின் அறையில் பொறுப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயிற்சிக்கு வந்தவள் அந்த அறையில் வாய் திறப்பதில்லை. தாளைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்க வேண்டும். நான் நின்றபடியே சொன்னேன்.

"இரண்டு பிரதி அடிக்கலாம். அவர்கள் வைத்திருக்கப் போகும் பிரதியில் அவர்கள் பெயர் மேலே. இவர்களுடையதில் இவர்கள் பெயர் மேலே. உள்ளே எல்லாம் ஒன்றுதான்."

பொறுப்பாளர் நிமிர்ந்தார். அது அரசுகளுக்கு இடையில் இருநூறு முந்நூறு வருடமாக இருக்கும் வழக்கம் என்றும், நான் அதைப் படித்திருக்கிறேனா என்றும் கேட்டார். இல்லை, எம்மன்புரூக்கே ஆண்டு விழாவில் பார்த்தேன் என்றேன். அவர் கைதட்டிச் சிரித்தார். என் முதுகெலும்பு ஒரு அங்குலம் வளர்ந்தது. ஐந்தாம் வகுப்புப் படித்தவரின் மகள், தூதர்களின் வழக்கத்தைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள்.

தூதர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல யோசனைதான்," என்றார். "பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும் வரைக்கும் பொறுப்பமோ?"

"ஏன்?" என்றார் பொறுப்பாளர். "நாளைக்கு எல்லோரும் போகிறார்கள்."

"பொறுத்தால் நல்லது. காரணம் இப்ப சொல்ல ஏலாது."

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரத்தில் அச்சடிப்பாய் என்று கேட்டார். பத்து நிமிடம் போதும் என்றேன். பின்னேரம் வரைக்கும் ஆகும் என்று சொல்லியிருக்கலாம். அச்சு இயந்திரத்தில் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். பத்து நிமிடம் என்றேன், ஏழு நிமிடத்தில் கொண்டு வந்தேன்.

ரமல்லா முனைக்கு முதலில் போனேன். சட்டத்தரணி வாசித்தார். தன் பக்கத்துப் பெயர் மேலே இருப்பதைப் பார்த்தார். பேனா மூடியைத் திறந்தார். பிறகு அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மற்றப் பிரதியில ஆற்ற பெயர் மேலே?"

"அவர்களுடையது."

"அப்ப அவையளிட்ட இருக்கிறதில அவையள் முதல்."

"ஓம். உள்ளே எல்லாம் ஒன்றுதான்."

"பிள்ளை, நீங்கள் படிச்சனீங்கள்தானே? ரெண்டு அரசாங்கம் ஒப்பந்தம் செய்யேக்கதான் இப்பிடிச் செய்யிறது. நான் அரசாங்கம். அவை ஒரு கட்சி. இதில நான் கையெழுத்து வச்சால் ரெண்டு அரசாங்கம் இருக்கு எண்டு நானே ஒத்துக்கொண்டதா முடியும். இந்தச் சண்டை முழுக்க அதைப் பற்றித்தானே?"

பேனாவை மூடினார். மூடியால் பல்லில் தட்டினார். அந்தச் சத்தம் எனக்கு வகுப்பில் தவறான விடை சொன்னதுபோல் கேட்டது.

மறுமுனைக்குப் போகாமலே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு பிரதி இருக்கிறது என்ற செய்தி எனக்கு முன்பே நடந்து போயிருந்தது. கோப்பி இயந்திரத்தடியில் கணித ஆசிரியர் தானே வந்து நின்றார்.

"எங்கட பிரதியைத் தாங்கோ."

பொறுப்பாளரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று தெரியும். அவர் கையை நீட்டிய விதத்தில் கொடுத்துவிட்டேன். வாசித்தார். முதல் முறையாக என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"இதுதான் சரி. நான் இந்த மாதிரித் தாளிலதான் கையெழுத்து வைப்பன். வேற எதிலயும் வைக்க மாட்டன்."

பின்னேரம் தூதர் என்னைத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. முதல் நாள் பின்னேரம் கணித ஆசிரியரோடு விறாந்தையில் இரண்டு மணி நேரம் இருந்தாராம். மேலே ரமல்லாக்காரற்ற பெயரைப் போடுங்கோ, பிள்ளையள் படிக்கட்டும், ஆனால் நான் விட்டுக் குடுத்தன் எண்டு ஒருத்தரும் கதைக்கக் கூடாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். ஊரில் யாரோ ஒருவரிடம் தொலைபேசியில் அனுமதி கேட்பதற்காகத்தான் பின்னேரம் வரைக்கும் நேரம் கேட்டிருந்தாராம்.

"இனி?" என்றேன்.

"இனி அவர் கீழ இறங்கமாட்டார், மகள். இப்ப அவரிட்ட, தாங்களும் ஒரு அரசாங்கம் எண்டு காட்டத் தாள் ஒண்டு இருக்கு. நீங்கள் அச்சடிச்சுக் குடுத்தது."

எங்கள் மண்டபத்தில் அந்த வித்தை பலித்தது, ஏனென்றால் அங்கே இரண்டு பக்கமும் கேட்டது மரியாதை. மரியாதையை இரண்டு பிரதி எடுக்கலாம். இங்கே இருவரும் கேட்டது அரசாங்கம் என்ற ஒன்றே ஒன்று. அது கூடத் தெரியாமல், ஏழு நிமிடத்தில் அச்சடித்தேன் என்று பெருமைப்பட்டவள் நான். அன்று முழுக்க யாரைத் திட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு கட்சியையும் திட்டினேன். பொறுத்தால் நல்லது என்று மட்டும் சொல்லிக் காரணம் சொல்லாத தூதரைத் திட்டினேன். கைதட்டிய பொறுப்பாளரைத் திட்டினேன். எல்லோரையும் திட்டி முடித்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது எனக்கு.

மூன்றாம் நாள் காலை, பயனுள்ள சூழலில் கருத்துகள் பரிமாறப்பட்டன என்று நான்கு வரி எழுதினோம். அதன் தலைப்பில் யாருடைய பெயரும் இல்லை. அந்த நான்கு வரிக்கு இரண்டு பக்கமும் இரண்டு நிமிடத்தில் சம்மதித்தது.

அந்த ஊரிலிருந்து மணிக்கு ஒரு சிவப்பு ரயில்தான். ஆகவே இரண்டு குழுவும் ஒரே மேடையில் நிற்க வேண்டியிருந்தது. மேடையில் ஒரே ஒரு வாங்கு. நான் எல்லோருடைய பயணச்சீட்டையும் பிரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், சட்டத்தரணியும் கணித ஆசிரியரும் அந்த வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் விடுதிக் காலைச் சாப்பாட்டு மேசையில் எடுத்த தோடம்பழத்தை உரித்துப் பாதியை மற்றவர் கையில் வைக்கிறார். மாணவர் காலத்தில் கெய்ரோவில் ஒரே விடுதியில் இருந்தவர்களாம். அங்கே அவரைக்கறி வைத்தவனின் நடையைச் சட்டத்தரணி நடித்துக் காட்டினார். ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மூன்று நாள் நான் அந்தக் கம்பளத்தில் நடந்தேன். எனக்கு வந்த கோபத்தில் பயிற்சி வேலை, மரியாதை எல்லாம் மறந்துபோனது. பையிலிருந்து அந்தப் பெண்ணின் கோப்பை எடுத்து, இருவருக்கும் நடுவில், தோடம்பழத் தோலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இவளை மட்டும் பாருங்கோ. ஓகஸ்ட் கடைசிக்குள்ள ரமல்லா முத்திரை வேணும். தாளும் வேண்டாம், தலைப்பும் வேண்டாம். என்ன செய்யலாம்?"

சட்டத்தரணி எடுத்துப் பார்த்தார். "கெட்டிக்காரப் பிள்ளை. எனக்கு அனுப்புங்கோ, ஒரு நாளில முத்திரை குத்தித் தாறன். ஆனா இதில இவற்ற முத்திரை இருக்கே."

"அது போன வருசமே குத்தியாச்சு," என்றார் ஆசிரியர்.

"அப்ப மறுபிரதி எடுக்கச் சொல்லுங்கோ. சான்றிதழ் துலைஞ்சு போச்சு எண்டு பத்திரிகையில விளம்பரம் போட்டுட்டு விண்ணப்பிச்சால், அவள் படிச்ச பல்கலைக்கழகம் புதுசா ஒண்டு குடுக்கும். அதில நான் குத்துறன். பழையதைக் காசாவை விட்டு வெளிக்கிட வச்சிருக்கட்டும்."

"நல்ல யோசனை," என்றார் ஆசிரியர். "நான் விளம்பரத்தைக் கண்டுகொள்ள மாட்டன்."

"பாத்தியளோ?" சட்டத்தரணி என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "நாங்கள் ஒண்டிலயும் ஒத்துப்போறதில்லை எண்டு ஆர் சொன்னது?"

இருவரும் சிரித்தார்கள். ரயில் வந்தது. ஒருவர் முதல் பெட்டியிலும் மற்றவர் கடைசிப் பெட்டியிலும் ஏறினார்கள்.

நான் மட்டும் மிதந்துகொண்டு பெர்னுக்கு வந்தேன். இரண்டு சான்றிதழ்! ஒரே பரீட்சைக்கு இரண்டு சான்றிதழ், ஆளுக்கு ஒன்று, ஒரே மேசையில் வைக்காமல். அது என் சொந்த வித்தை அல்லவா? மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து அவளை அழைத்தேன். காசாவில் மின்சாரம் இருந்த நேரம். படம் தெளிவாக வந்தது. மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெயர் போட்டு விளம்பரம் வருமோ?"

"ஓம். சின்ன விளம்பரம். ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்."

"வாசிப்பினம் அக்கா. இஞ்ச எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் வாசிப்பினம்."

கைபேசியைத் திருப்பிச் சுவரைக் காட்டினாள். கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் சான்றிதழ். அதைச் சுற்றித் தகப்பன் மீன்வலை நூலில் பின்னிய ஒரு கரை.

"அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனா வாறவை எல்லாரையும் இதுக்கு முன்னால இருத்தித்தான் தேத்தண்ணி குடுக்கிறவர். நான் துலைச்சுப்போட்டன் எண்டு பக்கத்து வீட்டுக்காரர் அவருக்கு வாசிச்சுக் காட்டுவினம்."

"அப்பாவுக்கு விளங்கப்படுத்தலாம்."

"எனக்கு ஆர் விளங்கப்படுத்துறது? நான் இதைத் துலைக்கேல்லை. நாலு வருசம் படிச்சு எடுத்தனான். துலைச்சது அவையள். அவையள் விளம்பரம் போடட்டும்."

எனக்குப் பொறுமை போனது. இதை மறைக்க மாட்டேன். கத்தினேன். ஒரு கையெழுத்துத்தானே என்றேன். ஒரு முத்திரைக்காக நான் மூன்று நாள் நடந்தது தெரியுமா என்றேன். அந்த மலையில் எல்லோரும் சொன்ன அதே வார்த்தைகளைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வறட்டுக் கௌரவம் பார்க்காதே என்றுகூடச் சொன்னேன், நான்.

அவள் சத்தம் போடவில்லை. "நீங்கள் எனக்காகக் கனக்கக் கஷ்டப்பட்டியள் அக்கா. தெரியும்," என்றாள். "பொய் சொல்லி வந்தால் அங்க வந்து என்னண்டு படிக்கிறது?"

ஜூலையில் இரண்டு முறை அழைத்தேன். ஓகஸ்டில் நான்கு முறை. பல்கலைக்கழகத்துக்கு அவகாசம் கேட்டு எழுதினேன். மூலச் சான்றிதழில் முத்திரை இல்லாமல் முடியாது என்று மிகவும் பண்பாகப் பதில் வந்தது. ஓகஸ்ட் முடிந்தது. கோப்பை மூடும் படிவத்தில் காரணம் குறிக்க இரண்டு கட்டங்கள் இருந்தன: ஆவணம் போதவில்லை, விண்ணப்பதாரர் தாமாக விலகினார். இரண்டாவதில் குறி இடு, புள்ளிவிபரத்துக்கு அது நல்லது என்றார் பொறுப்பாளர். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் களைத்துப்போயிருந்தது. முதலாவதில் குறியிட்டு, யாருடைய முத்திரை போதவில்லை என்று ஓரத்தில் முழு வசனமாக எழுதினேன். கட்டத்துக்கு வெளியே எழுதக் கூடாது என்று படிவம் திரும்பி வந்தது. மறுபடி அப்படியே எழுதி அனுப்பினேன், மறுபடியும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை திரும்பி வரவில்லை.

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். அப்பா தொழிற்சாலையிலிருந்து வந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்திருந்தார். அந்தப் பிள்ளையின் கதை அவருக்கு ஜூனிலிருந்தே தெரியும். ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

"பிள்ளை வருதோ?"

"இல்லை அப்பா."

"ஏன், முத்திரை குடுக்க மாட்டினமாமோ?"

சொன்னேன். விளம்பரம், மறுபிரதி, மீன்வலை நூல் எல்லாம். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"துலைஞ்சது எண்டு ஒரு சொல்லுத்தானே," என்றேன். "நானெண்டால் போட்டிருப்பன்."

"ஓம்," என்றார் அப்பா. "நீ போட்டிருப்பாய். நானும் போடச் சொல்லியிருப்பன்."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, புகழ்ச்சியாகவும் சொல்லவில்லை. உப்புக் கொஞ்சம் கூட என்பது போலச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, என் தலைக்கு மேலே, முன்னறைச் சுவரில் தொங்கும் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிள்ளை, கேக்க மறந்துபோனன். பெர்ன் வேலைக்குப் போகேக்க உதில எதைக் காட்டினனீ?"

"ஒண்டையும் கேக்கேல்லை அப்பா."

"பல்கலைக்கழகத்தில?"

"அங்கயும் கேக்கேல்லை."

அப்பா தலையாட்டினார். "அப்ப ரெண்டையும் ஆரும் கேக்கவேயில்லை," என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டார்.